டிஸ்கின் தலையிலும் வாலிலும் எழுதிவிடும் கன்ட்ரோலர்: கண்டுபிடிப்பதும் காப்பதும்

மதர்போர்டை மாற்றுகிறார்கள், அல்லது பயாஸை அப்டேட் செய்கிறார்கள். சர்வரை மறுபடி ஏற்றினால் ரெய்டை, அதாவது பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாக்கிய வரிசையை, காணோம். டிஸ்குகள் எல்லாம் நலமாகத்தான் இருக்கின்றன. ஸ்மார்ட் சோதனையில் ஒரு செக்டர்கூடக் கெடவில்லை. ஆனால் லினக்ஸ் 'இந்த டிஸ்கில் எதுவும் இல்லை' என்கிறது, விண்டோஸ் 'இனிஷியலைஸ் செய்யட்டுமா' என்று கேட்கிறது. இந்தக் கட்டத்தில் யாராவது ஒருவர் 'சரி' என்று அழுத்திவிட்டால், அதுவரை சில கிலோபைட் அளவில் இருந்த சேதம் பெரிய சேதமாகிவிடும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் கணக்காளர் அலுவலகம், ஜாலான் மஸ்ஜித் இந்தியா துணிக்கடை, பினாங்கு லெபோ பாசார் ஸ்டூடியோ என்று நம்மவர்கள் நடத்தும் சிறு தொழில்கள் பலவற்றில் சர்வர் என்பது ஒரு சாதாரண பிசிதான். லோ யாட் பிளாசாவில் வாங்கிய மதர்போர்டு, இணையத்தில் பழையதாக வாங்கிய ரெய்டு கார்டு, நாலு டிஸ்க். மலேசிய வருமான வரி வாரியத்துக்காகக் கணக்குகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதால் அந்த நாலு டிஸ்கில் இருப்பது சாதாரணச் சரக்கு அல்ல. அந்த அமைப்பை வைத்திருப்பவர்களுக்கும், அதைப் பராமரித்துக் கொடுப்பவர்களுக்கும் இந்த வழிகாட்டி. லினக்ஸ் கட்டளைகளை ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

யார், எங்கே எழுதுகிறார்கள்

ஒரு டிஸ்கின் இரண்டு முனைகளுக்கும் பல பேர் உரிமை கொண்டாடுகிறார்கள். யாருக்கு எந்த செக்டர் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கீழே வரும் எண்கள் 512 பைட் செக்டருக்கானவை. செக்டர் எண்ணிக்கை 0-இல் தொடங்குகிறது.

டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் ஜிபிடி பார்ட்டிஷன் அட்டவணை செக்டர் 0 முதல் 33 வரை பிடித்துக்கொள்ளும். 1-இல் ஹெடர், 2 முதல் 33 வரை பார்ட்டிஷன் பதிவுகள். இதன் நகல் டிஸ்கின் கடைசி 33 செக்டர்களில் இருக்கும். கடைசி செக்டரில் நகல் ஹெடர், அதற்கு முந்தைய 32-இல் பதிவுகள்.

இப்போது பார்ட்டிஷன் எதுவும் போடாமல் முழு டிஸ்கையும் அப்படியே ரெய்டுக்குக் கொடுத்தவர்களின் நிலையைப் பாருங்கள். லினக்ஸின் ரெய்டு கருவியான எம்டிஆட்ம் எழுதும் 1.2 வகை சூப்பர்பிளாக் (வரிசையின் விவரக் குறிப்பு) தொடக்கத்திலிருந்து 4096-வது பைட்டில், அதாவது செக்டர் 8-இல் உட்காருகிறது. டிஸ்க் இடத்தைப் பகிர்ந்து நிர்வகிக்கும் எல்விஎம் தன் அடையாளத்தை வழக்கமாக செக்டர் 1-இல் எழுதுகிறது. லினக்ஸ் பைல் சிஸ்டமான எக்ஸ்ட்4-இன் முதல் சூப்பர்பிளாக் செக்டர் 2-இல் தொடங்குகிறது. மூன்றுமே ஜிபிடி தன்னுடையது என்று நினைக்கும் 34 செக்டருக்குள்.

விபத்து நடக்கும் விதம் இதுதான். அந்த டிஸ்க் முன்பு எப்போதோ விண்டோஸில் ஜிபிடி டிஸ்காக இருந்தது. பிறகு அதை வெறும் டிஸ்காக ரெய்டில் சேர்த்தார்கள். எம்டிஆட்ம் செக்டர் 8-இல் எழுதியது, வாலில் இருந்த பழைய ஜிபிடி நகலை யாரும் துடைக்கவில்லை. பல ஆண்டுகள் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். புதிய மதர்போர்டு வந்ததும் அதன் யூஇஎஃப்ஐ (பயாஸின் இன்றைய வடிவம்) முன்பக்க ஜிபிடியைப் படித்து, செக்சம் (சரிபார்ப்பு எண்) பொருந்தவில்லை என்று பார்த்து, வாலில் நல்ல நகல் இருப்பதைக் கண்டு, 'பழுது பார்க்கிறது'. செக்டர் 1 முதல் 33 வரை மாற்றி எழுதப்படுகிறது, சூப்பர்பிளாக் போய்விடுகிறது. ஆபரேட்டிங் சிஸ்டம் ஏறுவதற்கு முன்பே இது முடிந்துவிடுவதால் எந்த லாகிலும் தடயம் இருக்காது. எல்லா மதர்போர்டும் இப்படிச் செய்வதில்லை. செய்பவை கேட்டுவிட்டுச் செய்வதுமில்லை.

வால் பக்கம் இன்னும் நெரிசல். சர்வர் ரெய்டு கார்டுகள் பலவும் பின்பற்றும் டிடிஎஃப் வகை ரெய்டு மெட்டாடேட்டாவின் (ரெய்டு அமைப்பு விவரங்களின்) நங்கூர ஹெடர் கடைசி செக்டரில் இருக்கும். ஜிபிடி நகல் ஹெடருக்கும் அதே இடம்தான். மதர்போர்டிலேயே வரும் ரெய்டு வசதியான இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் தன் நங்கூரத்தைக் கடைசிக்கு முந்தைய செக்டரில் எழுதும். அது ஜிபிடி நகல் பதிவுகளின் கடைசித் துண்டு. அங்கே பெரும்பாலும் காலிப் பதிவுகள்தான் இருக்கும், அதனால் எந்தப் பார்ட்டிஷனும் காணாமல் போகாது. ஆனால் நகலின் செக்சம் உடைந்துவிடும். 'பேக்கப் ஜிபிடி கெட்டிருக்கிறது' என்று பார்ட்டிஷன் கருவி ஜிடிஸ்க் சொல்வதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். கன்ட்ரோலர் ஒன்று அந்த வாலைத் தொட்டிருக்கிறது என்பதற்கு அதுவே முதல் அறிகுறி.

மெகாரெய்டு கார்டுகள் இன்னும் தாராளமாக எடுத்துக்கொள்ளும். அவற்றின் கட்டளைக் கருவி ஸ்டோர்சிஎல்ஐ காட்டும் விவரத்தில் 1 டெராபைட் டிஸ்கின் மூல அளவு 931.512 ஜிபி என்றும், அதற்கு அடுத்த வரியில் 931.012 ஜிபி என்றும் இருக்கும். இடையில் காணாமல் போன அரை ஜிபி, அதாவது 512 எம்பி, கார்டு தனக்கென்று வாலில் ஒதுக்கிக்கொண்டது. வேறு இடத்தில் தரவு நிரப்பிய டிஸ்கை இந்தக் கார்டில் ரெய்டு உறுப்பினராக்கினால் அந்த வாலில் இருந்த தரவு கார்டின் கைக்குப் போகிறது.

சந்தேகம் வந்த உடனே

மெஷினை அணையுங்கள். மறுபடி ஏற்றிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் ஃபர்ம்வேருக்கு எழுத இன்னொரு வாய்ப்பு கிடைக்கிறது.

டிஸ்குகளைக் கழற்றும் முன் ஒவ்வொன்றின் மீதும் ஒட்டுத்தாளில் போர்ட் எண்ணையும் சீரியல் எண்ணின் கடைசி நாலு எழுத்தையும் எழுதுங்கள். வரிசை தெரியாமல் போனால் 4 டிஸ்க் ரெய்டு 5-ஐ 24 விதமாக அடுக்கிப் பார்க்க வேண்டியிருக்கும்.

பிறகு வேறொரு மெஷின். அதில் சாட்டா முறை ஏஹெச்சிஐ (டிஸ்குகளைத் தனித்தனியாக அப்படியே காட்டும் முறை) ஆக இருக்க வேண்டும், ரெய்டு என்றோ விஎம்டி என்றோ இருக்கக் கூடாது. யூஎஸ்பி பென்டிரைவிலிருந்து லைவ் லினக்ஸ் ஒன்றை ஏற்றுங்கள். முழுவதும் ஏறிய பிறகுதான் டிஸ்கை இணைக்க வேண்டும். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். பிளாக்டெவ் கருவியால் டிஸ்கை 'படிக்க மட்டும்' என்று வைக்கலாம், ஆனால் அந்தப் பூட்டு லினக்ஸுக்கு உள்ளேதான் வேலை செய்யும். லினக்ஸ் ஏறுவதற்கு முன் யூஇஎஃப்ஐ எழுதுவதை அது தடுக்காது. பயாஸில் அந்தப் போர்ட்டுக்கு ஹாட்பிளக் இயக்கியிருந்தால் சாட்டாவிலேயே பிறகு செருகலாம். இல்லையென்றால் ஒற்றை டிஸ்க் யூஎஸ்பி அடாப்டர் போதும். இரண்டு டிஸ்க் போடும் யூஎஸ்பி பெட்டிகளைத் தொடாதீர்கள். பின்னால் ரெய்டு முறை மாற்றும் சுவிட்ச் உள்ள பெட்டி, ஒரு பழைய டிஸ்கையும் ஒரு புதிய டிஸ்கையும் ஒன்றாகப் போட்டால் தானாக மிரர் செய்யத் தொடங்கலாம். எதிலிருந்து எதற்கு என்று அது உங்களைக் கேட்காது.

யூஎஸ்பி அடாப்டரில் இன்னொரு எச்சரிக்கை. சில அடாப்டர்கள் பெரிய டிஸ்குகளை 4096 பைட் செக்டராக மாற்றிக் காட்டும். அப்போது பார்ட்டிஷன் எல்லாம் தொலைந்ததுபோலத் தெரியும். பிளாக்டெவ் கருவியில் லாஜிக்கல் செக்டர் அளவைக் கேட்டு, டிஸ்கின் லேபிளில் உள்ளதோடு ஒப்பிட்ட பிறகே முடிவுக்கு வாருங்கள்.

டெஸ்க்டாப் சூழல் தானாக மவுன்ட் செய்வதை முதலிலேயே அணைத்து வையுங்கள். எம்டி வரிசைகளை லினக்ஸ் தானாகக் கட்டுவதையும் நிறுத்துங்கள். டிஸ்க் செருகியதும் எம்டி127 என்ற பெயரில் நீங்கள் அறியாத வரிசை ஒன்று முளைத்து, டிஸ்க் 'பிஸி' என்று வந்தால், வாலில் பழைய இன்டெல் அல்லது டிடிஎஃப் மெட்டாடேட்டா கிடக்கலாம். அந்த வரிசையை நிறுத்திவிட்டுத் தொடருங்கள்.

முதல் வேலை நகல். முழு டிஸ்கையும் டிடிரெஸ்க்யூ மூலம் இன்னொரு டிஸ்குக்கு எடுப்பதே சரி. அதற்கு இடமில்லாவிட்டால் குறைந்தபட்சம் ஒவ்வொரு டிஸ்கிலும் முதல் 256 எம்பியும் கடைசி 1 ஜிபியும் கோப்பாக எடுத்து வையுங்கள். இந்த இரண்டு துண்டும் இருந்தால், முனைகளில் நீங்கள் அடுத்துச் செய்யப்போகும் எந்தத் தவறையும் பின்வாங்க முடியும்.

தடம் பார்ப்பது

செக்டர் எண்ணிக்கையில் தொடங்குங்கள். இன்றைய டிஸ்குகள் தொழில்துறை ஒப்புக்கொண்ட ஒரு வாய்ப்பாட்டின்படி செய்யப்படுகின்றன: 97,696,368 உடன், (ஜிபி அளவு − 50) × 1,953,504 ஐக் கூட்டுங்கள். 1 டெராபைட்டுக்கு 1,953,525,168 வரும். 2 டெராபைட்டுக்கு 3,907,029,168. 4 டெராபைட்டுக்கு 7,814,037,168. உங்கள் டிஸ்க் இதைவிடக் குறைவாகக் காட்டினால் யாரோ வாலை மறைத்திருக்கிறார்கள்.

மறைப்பது பெரும்பாலும் ஹெச்பிஏ என்ற பாதுகாக்கப்பட்ட பகுதி. 2000-களின் பிற்பகுதியில் வந்த கிகாபைட் மதர்போர்டுகள் பலவற்றில் பயாஸின் நகலை டிஸ்கின் வாலில் வைக்கும் வசதி இருந்தது. அது 2113 செக்டரைப் பறித்துக்கொள்ளும், 1 டெராபைட் டிஸ்க் 1,953,523,055 என்று காட்டும். அந்த 2113 செக்டருக்குள் ஜிபிடி நகலும், ரெய்டு மெட்டாடேட்டாவும், சில சமயம் கோப்புகளும் இருந்திருக்கும். ஹெச்டிபார்ம் கருவியில் பெரிய எழுத்து 'என்' தெரிவு தற்போதைய எண்ணிக்கையையும் உண்மையான எண்ணிக்கையையும் சேர்த்துக் காட்டும். அதே தெரிவில் முழு எண்ணைக் கொடுத்து மறைப்பை நீக்கலாம். முதலில் தற்காலிகமாக நீக்கிப் படித்து, வாலில் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகு நிரந்தரமாக்குங்கள். யூஎஸ்பி அடாப்டர்கள் பல இந்தக் கட்டளையைக் கடத்துவதில்லை, நேரடி சாட்டா போர்ட் வேண்டும்.

அடுத்து வைப்எஃப்எஸ். தெரிவு எதுவும் கொடுக்காமல் ஓட்டினால் அது எதையும் அழிக்காது, டிஸ்கில் காணும் குறிகளை எல்லாம் அவற்றின் இடத்தோடு பட்டியலிடும். ஒரே டிஸ்கில் லினக்ஸ் ரெய்டு குறியும் ஜிபிடி குறியும் சேர்ந்து வந்தால் மேலே சொன்ன விபத்துக்கு அந்த டிஸ்க் காத்திருக்கிறது. ரெய்டு குறி இல்லாமல் ஜிபிடி மட்டும் இருந்தால் நடந்தேவிட்டது. 4 டெராபைட் டிஸ்கில் வால் ஜிபிடி குறி 4,000,787,029,504-வது பைட்டில் இருக்கும்.

எம்டிஆட்ம் 'எக்ஸாமின்' தெரிவை எல்லா டிஸ்கிலும் ஓட்டி, வரும் பதிலைக் கோப்பில் சேமியுங்கள். ஒரு டிஸ்கின் சூப்பர்பிளாக் பிழைத்திருந்தாலும் போதும். சங்க் அளவு (ஒரு டிஸ்கில் ஒரு தடவை எழுதும் துண்டின் அளவு), லேஅவுட் (துண்டுகள் டிஸ்குகளில் பரவும் முறை), தரவு தொடங்கும் இடம் மூன்றும் அதில் கிடைக்கும். ஒவ்வொரு டிஸ்கின் முதல் 17 கிலோபைட்டையும் ஹெக்ஸில் திறந்து பாருங்கள். செக்டர் 1-இன் தொடக்கத்தில் 'இஎஃப்ஐ பார்ட்' என்ற 8 எழுத்தும், செக்டர் 2-இல் பழைய பார்ட்டிஷன் பதிவும், அதன் பிறகு செக்டர் 33 வரை வெறும் சுழியும் தெரிந்தால், எழுதியது யார் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

மீட்பது

நல்ல செய்தி: இந்த விபத்தில் போவது 17 கிலோபைட்தான். எம்டிஆட்ம் 1.2-இல் உண்மையான தரவு அதைத் தாண்டி, இன்றைய பதிப்புகளில் வழக்கமாக 100 எம்பிக்கும் அப்பால் தொடங்குகிறது. தரவுக்கு ஒரு கீறலும் விழுந்திருக்காது.

எந்த முயற்சியையும் மூல டிஸ்கில் செய்யாதீர்கள். டிஎம்செட்டப் மூலம் ஒவ்வொரு டிஸ்குக்கும் மேல் ஓர் ஓவர்லே போடுங்கள். 50 ஜிபி அளவில் காலியான ஸ்பார்ஸ் கோப்பு, அதற்கு ஒரு லூப் சாதனம், இரண்டையும் சேர்த்து ஒரு ஸ்னாப்ஷாட். எழுதப்படுவது எல்லாம் அந்தக் கோப்புக்குப் போகும், டிஸ்க் அப்படியே இருக்கும். சரியாக வரவில்லையென்றால் கோப்பை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

ரெய்டு 5-இல் ஒரு டிஸ்கின் சூப்பர்பிளாக் மட்டும் போயிருந்தால் புதிதாக எதையும் உருவாக்க வேண்டாம். மீதி டிஸ்குகளைக் கொண்டு குறைந்த நிலையில் வரிசையை ஏற்றி, தரவை நகலெடுத்து, பிறகு அந்த டிஸ்கைச் சுத்தம் செய்து மறுபடி சேருங்கள். இரண்டோ அதற்கு மேலோ போயிருந்தால் ஓவர்லே மீது 'கிரியேட்' தெரிவோடு 'அஸ்யூம்-கிளீன்' சேர்த்து வரிசையை மறுபடி கட்ட வேண்டும். அஸ்யூம்-கிளீன் இல்லாவிட்டால் உடனே பேரிட்டியை, அதாவது இழந்த டிஸ்கை மீட்க உதவும் கூட்டுத் தரவை, கணக்கிட்டு எழுதத் தொடங்கிவிடும். லெவல், சங்க், லேஅவுட், மெட்டாடேட்டா பதிப்பு, டேட்டா ஆஃப்செட், டிஸ்க் வரிசை ஆறும் பழையபடி இருக்க வேண்டும். டேட்டா ஆஃப்செட்டில்தான் அதிகம் தவறுகிறார்கள். எம்டிஆட்ம் பதிப்புக்குப் பதிப்பு இயல்பான ஆஃப்செட் மாறியிருக்கிறது, அதனால் பிழைத்த சூப்பர்பிளாக்கில் உள்ள எண்ணை எடுத்துக் கொடுங்கள். கட்டிய பிறகு படிக்க மட்டும் மவுன்ட் செய்து, பல எம்பி அளவுள்ள புகைப்படம் அல்லது பிடிஎஃப் கோப்புகள் சிலவற்றைத் திறந்து பாருங்கள். கோப்புப் பட்டியல் தெரிவதால் மட்டும் வரிசை சரி என்று நம்பக் கூடாது. இரண்டு டிஸ்க் இடம் மாறியிருந்தாலும் சில நேரம் பட்டியல் வரும், ஒரு சங்கைவிடப் பெரிய கோப்பு உடைந்திருக்கும்.

எல்விஎம் என்றால், 'எட்சி' அடைவுக்குள் 'எல்விஎம்/பேக்கப்' என்ற இடத்தில் அமைப்பின் நகல் எழுத்துக் கோப்பாக இருக்கும். பிவிகிரியேட் கட்டளைக்குப் பழைய யூயூஐடியையும் இந்தக் கோப்பையும் கொடுத்து, பிறகு விஜிசிஎஃப்ஜிரிஸ்டோர் ஓட்டினால் திரும்பிவிடும். அந்தக் கோப்பும் அதே டிஸ்கில் மாட்டியிருந்தால் டிஸ்கின் முதல் 1 எம்பியில் எழுத்துகளைத் தேடுங்கள். 17 கிலோபைட்டுக்கு அப்பால் பழைய பதிப்புகள் வரிசையாகக் கிடக்க வாய்ப்பு அதிகம். எக்ஸ்ட்4 நேராக டிஸ்கில் இருந்தால் இ2எஃப்எஸ்சிகே கருவிக்கு 32768-வது பிளாக்கில் உள்ள நகல் சூப்பர்பிளாக்கைக் காட்டுங்கள், பிளாக் அளவு 4096. இசட்எஃப்எஸ் தன் லேபிளை முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக நாலு இடத்தில் வைப்பதால் பெரும்பாலும் தானே தேறிவிடும்.

மீட்டாயிற்று என்றதும் வாலில் உள்ள ஜிபிடி நகலை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ரீபூட்டில் கதை மறுபடி. இங்கே எஸ்ஜிடிஸ்க் கருவியின் 'ஸாப்-ஆல்' தெரிவைப் பயன்படுத்தவே கூடாது. அது முன்பக்க 33 செக்டரையும் சேர்த்துத் துடைக்கும், இப்போதுதான் மீட்ட சூப்பர்பிளாக் மறுபடி போகும். வைப்எஃப்எஸ் கருவியில் 'பேக்கப்' தெரிவோடு, வால் குறியின் ஆஃப்செட்டை மட்டும் கொடுங்கள். 8 பைட் குறி மட்டும் அழியும், அதன் நகலும் கோப்பாக இருக்கும்.

ரெய்டு கார்டு தானாகச் செய்யும் வேலைகள்

பெரிய கார்டுகளில் ஆபத்து முனைகளோடு நிற்பதில்லை. அவை முழு டிஸ்கையுமே எழுதிவிடும்.

தரவு உள்ள டிஸ்கை ரெய்டு கார்டின் காலி ஸ்லாட்டில் 'சும்மா பார்க்க' என்று செருகுவது மிகக் கெட்ட பழக்கம். அந்த ஸ்லாட்டில் முன்பு இருந்த டிஸ்க் செத்திருந்தால், கார்டு நீங்கள் செருகியதை மாற்று டிஸ்க் என்று எடுத்துக்கொண்டு ரீபில்ட் தொடங்கும். முன்பு எந்த டிஸ்கும் இல்லாத ஸ்லாட் என்றாலும் தப்பில்லை என்று நினைக்காதீர்கள். மெகாரெய்டில் அவசர ஸ்பேர் என்று ஒரு வசதி உண்டு. 'அன்கான்ஃபிகர்ட் குட்' நிலையில் நிற்கும் எந்த டிஸ்கையும் தேவைப்பட்டால் அது ஸ்பேராக எடுத்துக்கொள்ளும். உங்கள் தரவு டிஸ்க் அதன் கண்ணுக்கு 'அன்கான்ஃபிகர்ட் குட்' தான். ஸ்டோர்சிஎல்ஐ வழியாக ஆட்டோரீபில்ட், அவசர ஸ்பேர், காப்பிபேக், ஃபாரின் ஆட்டோ இம்போர்ட் நான்கையும் அணைத்துவிட்டு, டிஸ்க் செத்தால் கையால் ரீபில்ட் தொடங்கும் முறைக்கு வாருங்கள். இரவில் டிஸ்க் போனால் காலை வரை காத்திருக்க வேண்டும். சிறிய அலுவலகத்துக்கு அது தாங்கக்கூடிய விலைதான்.

கேஷ் இன்னொரு பொறி. கோலாலம்பூரில் பிற்பகல் இடிமழையில் கரண்ட் துண்டிக்கப்படுவது புதிதல்ல. எழுதி முடியாத தரவை பேட்டரி உள்ள கார்டு தன் நினைவகத்தில் பிடித்து வைத்திருக்கும். டிஸ்க் காணவில்லை என்றாலும் விடாது. இப்போது நீங்கள் டிஸ்குகளைக் கழற்றி, வேறு மெஷினில் பைல் சிஸ்டத்தைச் சரிசெய்து, மறுபடி இதே கார்டில் மாட்டுகிறீர்கள். கார்டு பழைய எழுத்துகளைப் புதிய தரவின் மீது கொட்டுகிறது. ஆகவே டிஸ்குகளை வேறிடத்தில் தொட்டிருந்தால், திரும்ப மாட்டும் முன் கார்டில் பிரிசர்வ்ட் கேஷ் உள்ளதா என்று பார்த்து, அதை நீக்குங்கள். தொடாவிட்டால் நீக்காதீர்கள், அப்போது அந்தக் கேஷ்தான் உண்மையான தரவு. பேட்டரி செத்த கார்டில் ரைட்பேக் (கேஷில் வைத்துப் பிறகு எழுதுவது) கட்டாயமாக இயங்கும்படி வைத்திருப்பவர்கள் அதை உடனே ரைட்த்ரூ (நேராக டிஸ்கில் எழுதுவது) ஆக்குங்கள்.

குறித்த இடைவெளியில் தானாக ஓடும் கன்சிஸ்டன்சி செக் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். ரெய்டு 5-இல் தரவும் பேரிட்டியும் பொருந்தாவிட்டால் எது தவறு என்று கார்டுக்குத் தெரியாது. பேரிட்டியை மாற்றி எழுதி 'சரி' என்று சொல்லிவிடும். கெட்டது தரவு என்றால், அதை மீட்க இருந்த ஒரே வழி அதோடு போயிற்று. லினக்ஸ் எம்டியில் 'செக்' என்பது எண்ண மட்டும் செய்யும், 'ரிப்பேர்' எழுதும். எப்போதும் செக் ஓட்டுங்கள், மிஸ்மேட்ச் எண்ணைப் பாருங்கள், காரணம் தெரியாமல் ரிப்பேர் ஓட்டாதீர்கள்.

ஒரு கார்டை நம்பும் முன் சோதிப்பது

பழைய கார்டு வாங்கினால், காலி டிஸ்க் ஒன்றை வைத்து இந்தச் சோதனையை ஒருமுறை செய்யுங்கள். இதைவிட எளிதாகவும் முழுமையாகவும் காட்டும் சோதனை இல்லை.

கிரிப்ட்செட்டப் கருவியால் டிஸ்கை 'பிளெயின்' முறையில் ஒரு கடவுச்சொல்லோடு திறங்கள். அந்த மேப்பர் சாதனம் முழுவதும் சுழி எழுதுங்கள். டிஸ்கில் உண்மையில் விழுவது செக்டருக்குச் செக்டர் வேறுபடும் குறியாக்கம். மூடுங்கள். மெஷினை அணைத்து ஏற்றுங்கள், கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், டிஸ்கை வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள், பயாஸ் திரைக்குள் போய் வாருங்கள். பிறகு அதே கடவுச்சொல்லோடு திறந்து, சிஎம்பி கருவியால் சுழிச் சாதனத்தோடு ஒப்பிடுங்கள். 4 டெராபைட் டிஸ்கில் 4,000,787,030,016-வது பைட் வரை போய் 'கோப்பு முடிந்தது' என்று நின்றால் வெற்றி. நடுவில் வேறுபாடு காட்டினால் அந்த பைட் எண்ணை 512-ஆல் வகுங்கள், எந்த செக்டர் என்று தெரிந்துவிடும். முதல் 34-க்குள் என்றால் யூஇஎஃப்ஐ. வாலில் என்றால் கார்டின் மெட்டாடேட்டா. நடுவில் 8-இன் மடங்காகத் துண்டு துண்டாக என்றால் கேபிள், ரேம், கார்டு ஃபர்ம்வேர் மூன்றையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். ஒரு செக்டருக்கு உரிய தரவு தவறுதலாக வேறொரு செக்டரில் விழுந்திருந்தாலும் இந்த முறை பிடித்துவிடும், ஏனெனில் இடம் மாறினால் குறியாக்கம் சுழியாக அவிழாது. வெறும் சுழியை நேராக எழுதிச் சோதித்தால் அது தெரியாது. நொடிக்கு 150 எம்பி வேகத்தில் 4 டெராபைட்டை ஒருமுறை கடக்க ஏறக்குறைய ஏழரை மணி நேரம், எழுதவும் படிக்கவும் சேர்த்து பதினைந்து. சனிக்கிழமை கடை அடைக்கும்போது தொடங்கிவிடலாம்.

நடுவில் கெடுவது அரிது என்று நினைப்பவர்களுக்கு: 2007-இல் செர்ன் ஆய்வுக்கூடம் தன் சர்வர்களை இப்படி மாதிரி எழுதிப் படித்துச் சோதித்தபோது கண்ட பிழைகளில் பெரும்பங்கு 64 கிலோபைட் துண்டுகளாக வந்தது. காரணம் ரெய்டு கார்டுக்கும் டிஸ்க் ஃபர்ம்வேருக்கும் ஒத்துவராமைதான். ஏறக்குறைய 3000 டிஸ்குகளுக்கு ஃபர்ம்வேர் மாற்றினார்கள்.

ஃபர்ம்வேர் எண்ணைப் பார்த்து மட்டும் நிம்மதி அடையாதீர்கள். 2010-இல் சாம்சங் ஹெச்டி204யூஐ டிஸ்கில் ஒரு பிழை இருந்தது. எழுத்துகள் வரிசையில் நிற்கும்போது டிஸ்கின் அடையாள விவரத்தைக் கேட்டால், அந்த எழுத்துகள் தொலைந்துவிடும். நலம் விசாரிக்கப் போகும் ஸ்மார்ட்சிடிஎல் கருவியே தரவைக் கெடுத்தது. சாம்சங் திருத்தம் வெளியிட்டது, ஆனால் திருத்திய ஃபர்ம்வேருக்கும் பழைய எண்ணே. பார்த்துச் சொல்ல வழியே இல்லை. இதனால்தான் சோதனை வேண்டும் என்கிறோம்.

புது டிஸ்கை ஆரம்பத்திலேயே சரியாகப் போடுவது

காலி டிஸ்க் என்றால் இப்போது ஸாப்-ஆல் சரியான கருவி, இரண்டு முனையும் சுத்தமாகும். அதன் பிறகு ஜிபிடி போட்டு, 1 எம்பியில் தொடங்கும் ஒரே பார்ட்டிஷன் உருவாக்குங்கள். வாலில் 1 ஜிபி காலியாக விடுங்கள். ரெய்டோ எல்விஎம்மோ அந்தப் பார்ட்டிஷனுக்குள் போகட்டும். யூஇஎஃப்ஐ ஜிபிடியைச் சரிபார்த்தால் அது சரியாகவே இருக்கும், எழுத எதுவும் இல்லை. கார்டு வாலைத் தொட்டாலும் ஜிபிடி நகல் மட்டும் போகும், அதை முன்பக்கத்திலிருந்து மறுபடி உண்டாக்கலாம். வேறு கம்பெனி டிஸ்க் சில செக்டர் சிறியதாக வந்தாலும் மாற்றுவதற்கு அந்த 1 ஜிபி உதவும்.

கார்டு வேண்டியது போர்ட் எண்ணிக்கைக்காக மட்டும் என்றால் ரெய்டு கார்டு வாங்காமல் ஐடி முறை ஃபர்ம்வேர் ஏற்றிய 'ஹோஸ்ட் பஸ் அடாப்டர்' கார்டு, அதாவது ரெய்டு செய்யாமல் டிஸ்குகளை அப்படியே காட்டும் கார்டு, வாங்குங்கள். எல்எஸ்ஐ சாஸ்2008 சிப் உள்ளவை பழையதாக எளிதில் கிடைக்கின்றன. அவற்றுக்கு 20.00.07.00 பதிப்பு போடுவது வழக்கம், 20-இன் முந்தைய வெளியீடுகளில் நிற்க வேண்டாம். அந்தக் கார்டிலிருந்து பூட் செய்யத் தேவையில்லையென்றால் பூட் ரோம் பகுதியை ஏற்றாமல் விட்டுவிடுங்கள். மெஷின் ஏறும் நேரத்தில் டிஸ்குகளைத் தொட ஓர் ஆள் குறையும். அதற்கு மேல் செக்சம் வைக்கும் பைல் சிஸ்டம், இசட்எஃப்எஸ் அல்லது பிடிஆர்எஃப்எஸ், இருந்தால் கீழே யார் எதை மாற்றினாலும் படிக்கும்போதே பிடிபடும். மிரர் இருந்தால் நல்ல பிரதியிலிருந்து தானே திருத்திக்கொள்ளும்.

ஒவ்வொரு டிஸ்குக்கும் எஸ்ஜிடிஸ்க் பேக்கப் கோப்பு, எம்டிஆட்ம் எக்ஸாமின் பதில், எல்விஎம் பேக்கப் அடைவு, பயாஸ் அமைப்புத் திரைகளின் புகைப்படம் இவற்றை ஒரு பென்டிரைவிலும் உங்கள் மின்னஞ்சலிலும் வையுங்கள். எல்லாம் சேர்ந்து சில எம்பிதான். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்தாலோ, இடி விழுந்து பயாஸ் அமைப்பு அழிந்தாலோ, சாட்டா முறை ஏஹெச்சிஐ-யிலிருந்து ரெய்டுக்கு மாறிவிடக்கூடும். தேதி தவறாகக் காட்டும் மெஷினை அப்படியே ஏற விடாமல், முதலில் தரவு டிஸ்குகளின் கேபிளைக் கழற்றிவிட்டு, பயாஸ் திரையைப் புகைப்படத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்த பிறகு மாட்டுங்கள்.